மேல்முறையீட்டிலும் துணைக்கு ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை பறிபோன மத்திய அரசு ஊழியர் முதலில் ஓடுவது சங்க அலுவலகத்துக்குத்தான். சங்கமும் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதும். ஆனால் மத்திய அரசு ஊழியர்களின் தண்டனை, மேல்முறையீடு பற்றிய 1965ஆம் ஆண்டின் சிசிஎஸ் (சிசிஏ) விதிகளின்படி, தண்டனையை எதிர்க்கும் மேல்முறையீட்டைத் தண்டிக்கப்பட்டவரே தம் பெயரில் தனியாகப் போட வேண்டும். அதுவும் தண்டனை ஆணையின் நகல் கைக்கு வந்த 45 நாளுக்குள். சங்கக் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்றிருந்தே கெடுவைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்க 25ஆம் விதியில் இடமுண்டு. அதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்த கோளாறு மனுவிலேயே இருக்கிறது. குடும்பக் கஷ்டம் இரண்டு பக்கம், வழக்கு நாலு வரி! மேல்முறையீட்டு அதிகாரி 27ஆம் விதிப்படி பார்க்க வேண்டியவை மூன்று: விசாரணை முறைப்படி நடந்ததா, முடிவுக்குச் சான்று இருக்கிறதா, தண்டனை குற்றத்துக்குத் தக்கதா. எந்தச் சாட்சி குறுக்கு விசாரணையில் என்ன ஒப்புக்கொண்டார், அது விசாரணை அறிக்கையில் ஏன் வரவில்லை என்று பக்க எண்ணோடு எழுத வேண்டும். அறிக்கை நகலே தரவில்லையா? 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நகல் கிடைக்காததால் நேர்ந்த பாதிப்பையும் காட்டியாக வேண்டும். வெறுமனே ‘தரவில்லை’ என்றால் போதாது.

இவ்வளவையும் தனியாளாக எழுதுவது யாருக்கும் சிரமம். விசாரணைக் கட்டத்தில் சக ஊழியர் ஒருவரைத் தற்காப்பு உதவியாளராக வைத்துக்கொள்ள 14(8) விதி வழிவிடுகிறது. அவர் கையில் இப்படி உதவும் வழக்குகள் ஏற்கெனவே மூன்று இருக்கக் கூடாது. மேல்முறையீட்டிலோ நேரில் கேட்பதே அதிகாரியின் விருப்பம். காரணம் காட்டித்தான் மேல்முறையீட்டில் ஆணை போட வேண்டும் என்று 1986இல் ராம் சந்தர் வழக்கில் தீர்ப்பு வந்தும், ‘பரிசீலித்தேன், தள்ளுபடி’ என்ற பாணி இன்னும் ஒழியவில்லை. வேலையே போகும் தண்டனைகளிலாவது நேரடி விசாரணையும், அதில் உதவியாளர் உடனிருப்பதும் உரிமையாக விதியில் ஏற வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரி யார், கடைசி நாள் எது என்பதைத் தண்டனை ஆணையிலேயே அச்சிட வேண்டும்.

பதிலே வராதவர்களுக்கு ஒன்று. மேல்முறையீடு செய்து ஆறு மாதம் கடந்தால் மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைக் கேட்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டுதான் கெடு. இடையில் எத்தனை நினைவூட்டுக் கடிதம் போட்டாலும் அந்த ஓராண்டு நீளாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்கள் சிலர்,
திருச்சி.