பாலைக்கு இந்த ஆடியிலேயே விதை போடுங்கள்

வட மாகாணத்தின் மரநடுகைக் குழுக்களுக்கும் நாற்றுமேடை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

கார்த்திகை வந்தால் நீங்கள் கன்று கொடுக்கிறீர்கள், நாங்கள் வாங்கி நடுகிறோம். நல்ல காரியம். ஆனால் கொடுக்கிற கன்றுகளைப் பாருங்கள்: தேக்கு, மகோகனி, மலைவேம்பு, கொஞ்சம் பூமரம். வன்னிக் காட்டின் பெரிய மரமான பாலையைக் கேட்டால் "கன்று இல்லை" என்கிறீர்கள். இருக்காதுதான். புரட்டாதியில் கூட்டம் வைத்துக் கார்த்திகையில் நட்டு முடிக்கிற திட்டத்துக்குள் பாலை அடங்காது. அது மெதுவாக வளர்கிற சாதி. இந்த ஆடியில் விதை போட்டால், அடுத்த வருடமும் பையிலேயே வைத்திருந்து, அதற்கடுத்த மாரிக்குத்தான் நடலாம். அந்த இரண்டு வருடப் பொறுமையைக் கேட்கத்தான் இந்த மடல்.

வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கிற நம் வறண்ட காட்டில் கோடை முழுக்கப் பச்சையாக நிற்பது பாலை. மரம் அவ்வளவு பாரம், தண்ணீரில் போட்டால் தாழும். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவும் வீட்டுத் தூணாகவும் வெட்டியே பாதி போயிற்று. வில்பத்துக் கரடிகளுக்கு அதன் பழம் என்றால் உயிர். நமக்கும்தான். வைகாசி, ஆனியில் வீதியோரம் மஞ்சள் மஞ்சளாகக் குவித்து விற்பதை வாங்கித் தின்று, பால் பிசுபிசுத்து உதடு ஒட்டாதவர் வன்னியில் யார்? அந்தப் பழத்துக்காகக் கொப்போடு வெட்டிச் சாய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் வியாபாரத்துக்கு, ஒரு தலைமுறையாக வளர்ந்த கொப்பு போகிறது. ஊர்ச் சங்கங்கள் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லலாம்.

சரி, விதைக்கு வருவோம். பழத்துக்குள் பெரும்பாலும் ஒரு விதைதான், கபில நிறத்தில் பளபளவென்று இருக்கும். பழம் தின்கிற பிள்ளைகளிடம் ஒரு சிரட்டையைக் கொடுத்தாலே வேண்டிய விதை சேர்ந்துவிடும். சதையும் பாலும் போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்ச் சத்துள்ள விதை. வருடக் கணக்கில் டப்பாவில் வைத்திருந்து போட்டால் ஏமாற்றும். அந்தப் பருவத்து விதையை அந்தப் பருவத்திலேயே போட வேண்டும்.

கோது கெட்டி. அப்படியே புதைத்தால் பல விதைகள் சும்மா கிடக்கும். விதையின் ஒரு பக்கத்தில் வெளிறிய தழும்பு தெரியும். அதை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தை அரத்தாளில் தேய்த்து, மினுக்கம் போய் மங்கலாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். உள்ளே பருப்பில் படக்கூடாது. பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். எல்லாம் ஒன்றாக முளைக்காது. சில மூன்று நான்கு கிழமையில் தலைகாட்டும், சில அதற்கும் மேலே எடுக்கும். ஒரு மாதம் பார்த்துவிட்டு மேடையைக் கொத்திக் கொட்டிவிடாதீர்கள்.

பை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பாலை முதலில் கீழே போகிற மரம். இலை நாலைந்து விடும் முன்னரே ஆணிவேர் இறங்கிவிடும். சின்னப் பொலித்தீன் பையில் அது அடியில் சுருண்டுகொள்ளும், அப்படிச் சுருண்ட கன்று நட்ட பிறகும் தேறாது. ஓரடி உயரமாவது உள்ள பையில் மண்ணும் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, முதல் வருடம் அரை நிழலில் வையுங்கள். இரண்டாம் வருடம் வெயிலுக்குப் பழக்கலாம். இரண்டு வருடக் கன்றுகூட ஆள் உயரம் வராது. படம் எடுக்க எடுப்பாக இருக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நடும் இடத்தையும் யோசிக்க வேண்டும். குளக்கட்டில் வேண்டாம், வேர் கட்டைக் கெடுக்கும். மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். கோயில் காணி, பாடசாலை வளவின் பின்பக்கம், குளத்துக்கு மேலே வெட்டிவிட்ட காட்டோரம் எல்லாம் தோதான இடங்கள். முப்பதடிக்கு ஒன்று போதும். நிலம் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். சுற்றியுள்ள பற்றையை முழுதாக வழித்தெடுக்காமல் விட்டால் முதல் கோடைக்கு அதுவே நிழல். ஆடு மாட்டுக்கு இலை பிடிக்கும், ஆகவே முள்ளாவது வைத்து அடைக்க வேண்டும்.

வருகிற கூட்டத்தில் மூன்று விஷயத்தை மட்டும் எழுத்தில் முடிவெடுங்கள்: இந்த ஆடியில் விதை போடுவது யார், இரண்டு வருடம் பைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், நட்ட பிறகு வருகிற முதல் கோடையில் வைகாசி முதல் புரட்டாதி வரை கிழமைக்கு ஒரு வாளி ஊற்றுவது யார். மூன்றாவதற்கு ஆள் கிடைக்காத ஊருக்குக் கன்று கொடுக்க வேண்டாம், ஆள் உள்ள ஊருக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் இருந்து ஒரு கமக்காரன்