டூரினில் எலிக்கு என்ன பெயர்

அன்புள்ள கயல்,

சமையலறையில் எலி ஓடுகிறது, வீட்டுக்காரரிடம் 'தோப்போ' என்பதா 'ராத்தோ' என்பதா என்று கேட்டிருந்தாய். சுண்டெலி என்றால் தோப்போ, பெரிய எலி ராத்தோ. ஆனால் பேச்சு வழக்கில் இத்தாலிக்காரர்கள் சாக்கடை எலியையும் தோப்போ என்றுதான் சொல்வார்களாம். அதனால் புழுக்கையின் அளவையும் சேர்த்துச் சொல்லிவிடு. அரிசி மாதிரி இருந்தால் சுண்டெலிதான்.

நீ கேட்டுவிட்டாய், அம்மா சும்மா இருப்பேனா? அகராதிகளைப் புரட்டினேன். லத்தீனில் எலிக்கு 'மூஸ்'. பெரிது, சிறிது என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. அதன் பிள்ளை மொழிகளோ ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. பிரெஞ்சில் சுண்டெலிக்குச் சொல்லும் 'சூரி', லத்தீனில் மூஞ்சூறுக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. உங்கள் தோப்போ இன்னும் வேடிக்கை: அதன் மூலம் 'தல்ப்பா', அதாவது மண்ணுக்குள் வளை தோண்டும் மோல். ஸ்பானியத்தில் 'ஓன்' என்ற விகுதி வழக்கமாகப் பெரியதைக் குறிக்கும். ஆனால் அங்கே 'ரத்தா' பெரிய எலி, 'ரத்தோன்' சுண்டெலி! இருட்டில் ஓடுவதை யார் நின்று நிதானமாகப் பார்த்தார்கள், சொல்.

அந்தப் பழைய மூஸ் ஸ்பானியத்தில் வௌவாலுக்குள் ஒளிந்திருக்கிறது: 'முர்சியேலகோ', குருட்டு எலி. பிரெஞ்சுக்காரர்களுக்கு வௌவால் மொட்டை எலி, ஜெர்மானியர்களுக்குப் படபடக்கும் எலி. இத்தாலியர்கள் மட்டும் எலியை விட்டுவிட்டு, மாலைப் பொழுதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'பிப்பிஸ்ட்ரெல்லோ' என்றார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

உங்கள் ஊர் ஃபியட் கம்பெனி 1936-இல் விட்ட குட்டிக் காருக்கும் 'தோப்போலீனோ', சுண்டெலிக் குட்டி என்றே செல்லப்பெயர். மிக்கி மவுஸுக்கும் அங்கே அதே பெயர்தான்.

அப்புறம், பேரன் கேட்கிற கினிப்பன்றி. இத்தாலியில் அது 'இந்தியப் பன்றிக்குட்டி', ஜெர்மனியில் 'கடல் பன்றிக்குட்டி'. அது பன்றியும் இல்லை, கடலும் அதற்கு ஆகாது. பிறந்த இடம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நம் நாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாங்குவதானால் ஒற்றையாக வாங்காதே, கூட்டமாக வாழ்கிற பிராணி. பக்கத்துச் சுவிட்சர்லாந்தில் தனியாக வளர்ப்பதற்குச் சட்டமே இடம் தருவதில்லை. ஆனால் இரண்டும் பெண்ணாகப் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் குட்டிகளுக்கும் நீதான் பெயர் தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா