மெனுவில் இரண்டு வரியைக் காலியாக விடுங்கள்: கொங்கு நாட்டுக் கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் மாஸ்டர்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும்,

வணக்கம். வாரம் தவறாமல் உழவர் சந்தையில் காய் வாங்கி வீட்டில் சமைக்கிறவன் நான். உங்கள் பந்திகளில் ஆசையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவனும்கூட. சந்தையில் இருப்பது இலைக்கு வருவதே இல்லை என்ற வருத்தம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதைச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

தை மாதம் சந்தைக்குப் போனால் மொச்சையும் அவரையும் குவிந்து கிடக்கும். புதுச் சேனை, சர்க்கரைவள்ளி, பச்சை மஞ்சள் எல்லாம் வந்திருக்கும். அதே தை முகூர்த்தத்தில் மண்டபத்தில் இலை போட்டால் கேரட் பீன்ஸ் பொரியல், காலிபிளவர் சில்லி, பனீர் மசாலா, பேபிகார்ன் மஞ்சூரியன். வைகாசியில் போனாலும் அதேதான். ஆவணியிலும் அதேதான். எந்த மாதத்தில் கல்யாணம் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆனது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாண வீட்டார் மூன்று மாதம், ஆறு மாதம் முன்பே வந்து மெனுவை எழுதி வாங்கிக்கொண்டு, இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு எந்தக் காய் என்ன விலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வருடம் முழுக்க எங்கிருந்தாவது வந்து சேரும் காய்களையே எழுதுகிறீர்கள். ஆனால் விலை உங்களுக்குக் கட்டுப்படுகிறதா? சித்திரை வைகாசியில் பீன்ஸ் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய வருடங்கள் எத்தனை! கோடையில் காலிபிளவருக்கு மலையையும் கர்நாடகத்தையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறி, அரசே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, அது ஆனி, ஆடி மாதம். அந்த ஆனி முகூர்த்தங்களுக்குத் தக்காளி கிரேவி ஒப்புக்கொண்டவர்கள் கையைக் கடித்துக்கொண்டுதான் சமைத்திருப்பார்கள். கார்த்திகைக் கல்யாணத்தில் முருங்கைக்காய் சாம்பார் கேட்கிறவர்களும் உண்டு. மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்து, காய் கண்ணில் படாத காலம் அது.

என் கோரிக்கை இதுதான். மெனு எழுதும்போது இரண்டு வரியை மட்டும் காலியாக விடுங்கள். 'பருவக் காய் பொரியல்', 'பருவக் காய் கூட்டு' என்று எழுதி, என்ன காய் என்பதை முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு சந்தை நிலவரம் பார்த்து முடிவு செய்யுங்கள். மற்ற அயிட்டங்கள் வீட்டார் விருப்பப்படியே இருக்கட்டும்.

கல்யாண மாதங்களை எடுத்துக்கொண்டாலே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். மொச்சையும் நாட்டு அவரையும் பகல் குறுகும்போது பூத்து, மார்கழி தையில் காய்ப்பவை. பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு வாசம் தை, மாசியில் மட்டும் கிடைக்கும் வாசம். சித்திரையில் விதைத்த சேனையைத் தையில் வெட்டுகிறார்கள். அது சில மாதம் தாங்கும், பங்குனி வரைக்கும் வறுவலுக்குக் கவலையில்லை. சித்திரை, வைகாசி என்றால் முருங்கை. அரவக்குறிச்சிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முருங்கை சாம்பாரை அப்போது போடுங்கள், கஞ்சத்தனம் இல்லாமல் இலைக்கு நாலு துண்டு போடலாம். கூடவே மாங்காய்ப் பச்சடி, பலாக்காய்க் கூட்டு, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. வெயிலில் வந்து உட்காருகிறவர்களுக்கு பட்டர் மசாலாவைவிட வெள்ளரி எவ்வளவு இதம்!

ஆனியில் காற்று அடித்து வாழை சாய்ந்தால், விவசாயிகள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாழைக்காய்க்கும் தண்டுக்கும் அப்போது நல்ல நேரம். ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கொத்தவரை, பீர்க்கன், புடலை எல்லாம் ஆவணிக் கடைசியில் வரத் தொடங்கும். பீர்க்கங்காய்க் கூட்டில் பாசிப்பருப்பு குழைய வெந்து, மேலே தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டால் அதைத் தொட்டுக்கொள்ளாமல் யார் எழுந்திருப்பார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பயந்து தக்காளியும் கீரையும் குறைந்துவிடும். சரி, அப்போது அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, இருக்கிறதே. பறித்து வாரக்கணக்கில் வைத்தாலும் கெடாத காய் அது. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அரசாணிக்காய்ப் பொரியல் இல்லாத இலை ஒரு காலத்தில் கிடையாது. தட்டப்பயிறு கத்திரிக்காய்க் குழம்பும் அப்படித்தான். பெரிய மாஸ்டர்களின் கைக்கு இதெல்லாம் தெரியும். உங்களுக்குப் பின்னால் வரும் பையன்களுக்குத் தெரியுமா என்பதுதான் என் பயம். மஞ்சூரியனுக்கு மாவு கலக்கத் தெரிந்த பையனுக்கு, பச்சை மொச்சையை எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும் என்று தெரியாமல் போய்விடக் கூடாது.

அப்புறம், யாரிடம் வாங்குவது என்ற விஷயம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இருந்த நோக்கம், விளைவித்தவரே நேராக விற்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கக் கூடாது என்பது. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே ஒரு விலையைத் தினமும் காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அதனால் விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் 1,000 பேர் பந்தி என்றால் ஒரு பொரியலுக்கே சுமார் 60 கிலோ காய் வேண்டும். அதை விடிகாலையில் சந்தைக்கு வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால், பையோடு வருகிற வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சந்தைக்கு வந்து பலகையைப் பாருங்கள், எந்தக் காய் நிறைய வருகிறது, எது விலை இறங்குகிறது என்று கவனியுங்கள். கொண்டு வந்திருக்கும் விவசாயியிடமே பேசுங்கள். அவர் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் சேர்ந்தால் 60 கிலோ பெரிய விஷயமில்லை. ஒரு வாரம் முன்பே சொன்னால் மண்டபத்துக்கே வந்து இறங்கும். பல ஊர்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இருக்கின்றன, அவர்களிடமும் கேட்கலாம்.

விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வரத்து அதிகமானால் விலை விழும். சந்தை முடியும் நேரத்தில் மிச்சமிருக்கும் காயை, திரும்ப ஏற்றிப் போக மனமில்லாமல் கேட்ட விலைக்குக் கொடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தக்காளி விலை சரிந்து ரோட்டோரம் கொட்டிய செய்தி வராத வருடமே குறைவு. காய் மிஞ்சும் அந்த வாரத்தில் நாலு கல்யாண மண்டபம் அதையே கேட்டால், அவருக்கு அந்தப் போகம் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் சொல்லக்கூடிய தடை எனக்குத் தெரியும்: ஆள் கூலி. வாழைப்பூவில் ஒவ்வொன்றாகக் கள்ளன் நரம்பை எடுக்க வேண்டும், மொச்சை உரிக்க வேண்டும், கொத்தவரைக்கு நார் உரிக்க வேண்டும். காலிபிளவர் என்றால் உடைத்து வெந்நீரில் போட்டால் முடிந்தது. உண்மைதான். அதனால்தான் இரண்டே வரி கேட்கிறேன். 1,000 பேருக்கு வாழைப்பூ வேண்டாம், அது சின்ன நிச்சயதார்த்தத்துக்கு ஏற்றது. பெரிய பந்திக்கு அரசாணி, பீர்க்கன், சேனை, வாழைக்காய் போதும். கத்தி வேலை கம்மி. மொச்சை போட்டே ஆக வேண்டும் என்று வீட்டார் ஆசைப்பட்டால், உரித்த மொச்சைக்கான கூலியைத் தனியாகச் சேர்த்துக் கேளுங்கள். விருந்துக்கு இவ்வளவு செலவு செய்கிறவர்கள் அதைத் தருவார்கள். முன்பெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் சொந்தக்காரப் பெண்கள் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்து காய் நறுக்கிய ஊர்கள்தானே இவை.

வீட்டாரும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மெனு பேசப் போகும்போது நீங்களாகவே அந்த இரண்டு வரியைக் கேளுங்கள். காலிபிளவர் இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்று எந்த விருந்தாளியும் நினைப்பதில்லை. அரசாணிக்காயை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கும்போது, இந்த முயற்சியை ஒரு கல்யாணத்தில் செய்து பாருங்கள் மாஸ்டர். சாம்பாருக்கு முருங்கைக்குப் பதில் முள்ளங்கியோ அரசாணியோ போடலாம் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொரியலுக்கும் கூட்டுக்கும் காய் பிறகு சொல்கிறோம் என்று எழுதி, அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உழவர் சந்தை வாடிக்கையாளர் ஒருவர்,
கோவை