ஸ்கேல் பிடித்தால் மூளை தெரியுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மேலிருந்து விடும் ஸ்கேலை 20 செ.மீ.க்குள் பிடிப்பவருக்கு மூளை கூர்மை என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். என் பேத்தி 22-இல் பிடித்தாள். வகுப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்கி வந்து நிற்கிறாள்.

கல்லூரி உளவியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். ஒருவர் செயல்பட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும், இரண்டு ஊசல்கள் தொங்கும் குரோனாஸ்கோப் கருவியில், அவை ஒன்றுசேரும்வரை ஆட்டங்களை எண்ணி, ஓர் ஆட்டத்துக்கு 0.02 நொடி என்று கணக்கிடுவோம். நூல் சிக்கினால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

ஸ்கேல் 20 செ.மீ. விழ ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். கண் பார்த்தது, நரம்பில் சேதி போனது, விரல் மடங்கியது எல்லாம் அதில் அடக்கம்; மூளைக்கு மட்டும் எவ்வளவு ஆனது என்று அது சொல்லாது. மளிகைக் கடைக்காரர் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் துவரம்பருப்பின் விலை எப்படித் தெரியும்? பருப்பு இல்லாமல் இன்னொரு பில் வேண்டும்.

அந்த இரண்டாவது பில்லைப் போட்டவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் டோண்டர்ஸ். 1868-இல் வெளியான கட்டுரையில் விவரம் இருக்கிறது. காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுப்பார்கள்; அந்தப் பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தக் கால் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம், தெரியாவிட்டால் ஒரு நேரம். கழித்தால் மிஞ்சியது நொடியில் 15-இல் ஒரு பங்கு. வலமா இடமா என்று அறிந்து முடிவெடுக்க அவ்வளவு ஆனது.

தையல் மிஷின் அருகே கிடந்த நீள மரஸ்கேல்கள் இரண்டை எடுத்து, பேத்தியின் ஒவ்வொரு கைக்கும் மேலே ஒவ்வொன்றைப் பிடித்தேன். எது விழும் என்று சொல்லவில்லை. பத்து முறை விட்டதில் சராசரி 31 செ.மீ. ஒற்றை ஸ்கேலின் 22-ஐ வைத்து நேரக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 0.04 நொடி. என்னுடையது அதைவிட அதிகம். எவ்வளவு என்பது வீட்டோடு இருக்கட்டும்.

கழித்தலிலும் ஓட்டை உண்டு. வேலை மாறினால் கை தயாராக நிற்கும் விதமும் மாறிவிடலாம். அதனால்தான் அமெரிக்க உளவியலாளர் ஸ்டெர்ன்பர்க், 1966-இல் வேலையை மாற்றாமல் சுமையை மட்டும் கூட்டினார். சில எண்களை மனதில் வைக்கச் சொல்லி, பிறகு ஓர் எண்ணைக் காட்டி, அவற்றில் இது உண்டா என்று கேட்டார். மனதில் வைத்த எண்களில் கூடுதலான ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் நேரம் ஏறத்தாழ 0.038 நொடி ஏறியது.

அடுத்த இணைப்பில் இரண்டு ஸ்கேல் என்று திருத்தம் வெளியிடுங்கள். பேத்தி அதை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகக் காத்திருக்கிறாள்.

– ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், மதுரை