ஆங்கிலத்திலும் ஒரு 'ங்க' உண்டு, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி இங்கிலாந்திலிருந்து போனில் பேசும்போது உன் குரல் உடைந்ததிலிருந்து மனசு சரியில்லை. "பன்னிரண்டு வருசம் இங்கிலீஷ் மீடியம் படிச்சும் வார்டுல வாயைத் திறக்கப் பயமா இருக்குதுப்பா" என்றாய். சீனியர் நர்சிடம் "கிவ் மீ தி சார்ட்" என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது என்றாய். எனக்கு அப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, கண்ணு. உன் மனசில் இருந்தது "அந்தச் சார்ட்டைக் கொஞ்சம் குடுங்க" என்பதுதான். சொல்லுக்குச் சொல் மாற்றும்போது அந்த 'ங்க' மட்டும் வழியில் விழுந்துவிட்டது. நம்ம பக்கம் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூட 'ங்க' வேண்டும். இல்லை என்பதையே "இல்லீங்க" என்று சொல்கிற ஊர் இது. நமக்கு அது சொல்லின் வாலில் வருகிறது, அவர்களுக்கு வாக்கியத்தின் தலையில் வருகிறது. "குட் யூ பாஸ் மீ தி சார்ட், ப்ளீஸ்?" இந்தக் 'குட்', 'கேன்' என்பதன் இறந்த காலம் என்று பள்ளியில் படித்திருப்பாய். இந்த இடத்தில் அது காலத்தைக் காட்டவில்லை, மரியாதையைக் காட்டுகிறது. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" என்று யாராவது ஆரம்பித்தால் நேற்று யோசித்ததைச் சொல்லவில்லை, இப்போது ஓர் உதவி கேட்கிறார்கள்.

நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு இங்கிலீஷ் வந்தது திருப்பூர் பனியன் கம்பெனியில், பேக்கிங் மேஜையில்தான். ஒரு முறை அமெரிக்க பையர் ஒருவர் 'வெஸ்ட்' வேண்டும் என்று ஃபேக்ஸ் அனுப்பினார். அதுவரை நாங்கள் செய்தது இங்கிலாந்து ஆர்டர். அவர்களுக்கு வெஸ்ட் என்றால் உள்ளே போடும் கையில்லாத பனியன். அதையே சாம்பிள் தைத்து அனுப்பினோம். அமெரிக்காவிலோ அது சட்டைக்கு மேல் பட்டன் வைத்துப் போடும் கையில்லாத கோட்டு. ஆர்டர் கை நழுவிப் போனது, இரண்டு வாரம் பேக்கிங்கில் வேலையே இல்லை. அகராதியில் இரண்டு அர்த்தமும் இருந்தது. கேட்டவர் எந்த ஊர் என்று நாங்கள் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஒரு டைரி போட்டேன். தனிச்சொல்லாக எதையும் எழுத மாட்டேன். யார், யாரிடம், என்ன வேலை நடக்கும்போது சொன்னார் என்று முழு வாக்கியமாக எழுதுவேன். கார்ட்டன் எண்ணும்போது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் "வீ ஆர் டூ ஷார்ட்" என்றார். காதில் கேட்டதை மட்டும் வைத்தால் நாமெல்லாம் ரொம்பக் குள்ளம் என்றாகும். எதிரே இருந்த அடுக்கைப் பார்த்ததால் இரண்டு பெட்டி குறைகிறது என்று புரிந்தது. அந்த அடுக்கையும் சேர்த்துத்தான் எழுதி வைத்தேன்.

லீட்ஸில் உனக்கு வார்டே பாடம். "ஐ ஃபீல் பூர்லி" என்று ஒரு பாட்டி சொன்னதும் ஏழ்மையைச் சொல்கிறார் என்று நினைத்தாயே, அந்தப் பக்கம் அது உடம்பு சரியில்லை என்பது. "ஸ்பெண்ட் எ பென்னி" என்றாராம். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும், அதிலிருந்து வந்த பேச்சு. நம்ம அமுச்சிப் பாட்டி "வெளியே போயிட்டு வரேன்" என்றால் எங்கே என்று நாம் கேட்பதில்லையே, அதே கூச்சம்தான் அந்தப் பாட்டிக்கும். "யூ ஆல்ரைட்?" என்பதும் நம்ம "சாப்டாச்சுங்களா" மாதிரி. நோயை விசாரிக்கவில்லை, பதிலுக்கு நீயும் சிரித்துக் கேட்டால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். படிப்பு முடித்ததை "பாஸ்டு அவுட்" என்று இங்கே சொல்வது போல அங்கே சொல்லாதே. மயங்கி விழுந்தாய் என்று நினைப்பார்கள். டாக்டரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் அவர் சொன்னதை நீ நம்பவில்லை என்று தோன்றலாம். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று கேள்.

அம்மா கொள்ளுப்பொடி இடித்துப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் டைரியையும் அதில் வைக்கிறேன். பின்பக்கம் நிறையத் தாள் காலியாக இருக்கிறது, சாமி. அந்தப் பாட்டி சொன்னதிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அப்பா