குந்த்ராடா மன்னர் மகள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துக் கட்டுரையில் குந்த்ராடா என்ற சீமாட்டியை, 1066-ல் அந்த நாட்டைப் பிடித்த மன்னர் வில்லியமின் மகள் என்று ஒரே வரியில் போட்டுவிட்டீர்கள். தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

அந்தம்மா வில்லியம் டி வாரன் என்ற பிரபுவின் மனைவி, 1085-ல் பிரசவத்தில் இறந்து லூயிஸ் மடத்தில் அடக்கமானவர். மன்னர் மகள் என்ற பேச்சே அந்த மடத்து ஆவணங்களிலிருந்து கிளம்பியதுதான், அவற்றில் பிற்காலத்தார் கைவைத்திருக்கிறார்கள். ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவியோ, கெர்பாட் என்ற பிளெமிஷ்காரருக்கு (இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ்காரர்) உடன்பிறந்தவர் என்றே எழுதியிருக்கிறார்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒரு நின்றுபோன கல்யாணம். மன்னர் வில்லியமின் மகன் முதலாம் ஹென்றி, தன் மகள் ஒருத்தியைக் குந்த்ராடாவின் மகனுக்குக் கொடுக்க நினைத்தபோது, பேராயர் ஆன்செல்ம் கூடாது என்று கடிதம் எழுதினார். ஒரு பக்கம் நாலு தலைமுறை, மறுபக்கம் ஆறு தலைமுறையில் இரத்த உறவு வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். குந்த்ராடா ஹென்றிக்கு அக்காவோ தங்கையோ என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் அத்தை மகன், மாமன் மகள். நமக்கு அது உரிமைப் பெண், அவர்கள் திருச்சபையிலோ அன்றைக்கு ஏழு தலைமுறை வரை ஆகாது. அவ்வளவு நெருங்கிய உறவு கண்முன்னே இருந்தால் ஆன்செல்ம் எதற்கு நாலும் ஆறும் எண்ணப் போகிறார்? 1888-லேயே வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் இந்தக் கேள்வியைத் தீர எழுதிவிட்டார்.

எங்கள் அம்மாச்சியின் அப்பா யார் என்பதும் இப்படித்தான் தெரிய வந்தது. தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர், 1964 புயலில் பெட்டியோடு காகிதமெல்லாம் போய்விட்டது. தலைமன்னார் தோணி முதலாளி மகள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்புறம் மாமாவுக்குப் பெண் பேசி, மாதா கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த அன்றே ஊர்ப் பெரியம்மா ஒருவர் வந்து, "எலே, அது உனக்குத் தங்கச்சி முறைடா, அவ ஆத்தாளும் ஒன் ஆத்தாளும் ஒரு அப்பனுக்குப் பொறந்தவளுக" என்றார். கல்யாணம் நின்றது. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தால் உப்புக்காற்றில் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன, பிளேடால் மெல்லப் பிரித்தோம். மை பழுப்பேறிய இரண்டு வரிகளிலும் தகப்பன் ஒரே ஆள், சங்கு குளிக்கிறவர்.

அந்தப் பெயரைப் பார்த்து அம்மாச்சி அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குந்த்ராடாவுக்கும் உடன்பிறந்தவன் பெயர் கிடைத்திருக்கிறது, திருத்தம் போடும்போது கெர்பாட் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
தங்கச்சிமடம்