மலைப் பட்டாம்பூச்சி ஆய்வில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான், அதுவும் ஆங்கிலத்தில். உதவியவர்கள் பலருக்கு அது எட்டாது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலை, பழனி மலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் தாழ்நிலம். குளிர்ந்த சோலையையும் புல்வெளியையும் விட்டு இறங்காத பட்டாம்பூச்சிக்கு அந்த வெயில் நிலம் கடல் மாதிரி. இரண்டு பக்கமும் இருப்பவை எப்போது பிரிந்தன என்பதுதான் என் கேள்வி. சோலைக்கிளி என்னும் சின்னப் பறவை கணவாயின் இரு பக்கமும் வேறு வேறு இனம் என்றும், அதன் பேரினமே இந்த மலைகளுக்கு உரியது என்றும் 2017-இல் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

முதல் நன்றி வால்பாறைப் பக்கத்து வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன்களுக்கு. பனியில் நான் வலையோடு அலைந்தபோது, “வெயில் ஏறட்டும் கண்ணு, அதுவா வரும்” என்று உட்கார வைத்தீர்கள். வந்தது. மூடிய இறக்கையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, மரபணுவைப் படிப்பதற்காக இடுக்கியால் ஒரே ஒரு காலை எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட வேண்டும். முன்கால் இரண்டும் குறுகி, நாலு காலில் நடக்கும் பூச்சி அது. அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். விட்டதும் பறந்துபோய் ஓர் இலையில் அமரும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

குப்பிக்குள் போடும் சீட்டுகளை எழுதித் தந்த தம்பிக்கும் நன்றி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சில்தான். இடம், உயரம், தேதி, ஒன்றுகூடத் தப்பவில்லை.

எங்கள் பேராசிரியருக்கு நான் பட்ட கடன் பெரிது. இனத்தை அடையாளம் காண எல்லோரும் முதலில் படிக்கும் மரபணுத் துண்டு 658 எழுத்து நீளம். அது தாய்வழியாக மட்டுமே வருவது. எப்போதோ இரண்டு இனங்கள் கலந்திருந்தால் அது வேறு கதையைச் சொல்லிவிடும். “அம்மா பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதாதே” என்று, தாய் தந்தை இருவர் வழியாகவும் வரும், செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களையும் படிக்க வைத்தார். ஒரு வருஷம் கூடுதலாக ஆனது. ஆய்வேட்டில் நான் துணிந்து சொல்லும் வரிகள் எல்லாம் அந்த ஒரு வருஷத்தில் கிடைத்தவை.

அப்புறம், அல்சூரில் எங்கள் வீட்டுக்கார அம்மா. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டி நின்றுபோனது. பிரித்தெடுத்த டிஎன்ஏ முழுவதும் அதில்தான் இருந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பதினொன்றரை மணிக்குக் கதவைத் தட்டினேன். ஒரு கேள்வி இல்லை. ஃப்ரீசரில் இருந்த வஞ்சிர மீனை எடுத்து அந்நேரத்திலேயே குழம்பு வைத்துவிட்டு, “இப்ப இடம் இருக்கு, வைம்மா” என்றீர்கள். திங்கட்கிழமை காலை வரை அந்த வீட்டில் யாரும் ஃப்ரீசரைத் திறக்கவில்லை. அம்மா, ஒரு குப்பியும் கெடவில்லை.

மீதிக் கால்களை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்து வருபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சீட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது.

அன்புடன்,
அல்சூர் மாடிவீட்டுப் பெண்
பெங்களூரு